29 வயதில் எனக்கு வந்த புராஸ்டேட் அழற்சி

மடியில் பொன்பொடி கிடக்கும்போது எழுந்திருக்கக் கூடாது. 16 வயதில் பட்டறையில் உட்கார்ந்த அன்று அப்பா எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் அது. அரத்தால் ராவும்போது உதிரும் தூள் மடித்துணியில் விழும். எழுந்திருக்க வேண்டுமென்றால் குறட்டையும் சாமணத்தையும் ஓரமாக வைத்து, வைரக் கற்கள் கிடக்கும் தட்டை மூடி, துணியைத் தூரிகையால் துடைத்துப் பொடியைக் கிண்ணத்தில் சேர்த்து, விரலிடுக்கு வரை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை நீட்ட முடியும். எழுந்து போய்த் திரும்ப உட்காரக் கால் மணி நேரம் போய்விடும். அதனால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எழுந்திருப்பதைத் தள்ளிப்போடுவோம். தாகத்தைத் தள்ளிப்போடுவோம். ஒன்றுக்குப் போவதையும் தள்ளிப்போடுவோம்.

நான் காரைக்குடிக்காரன். கல்லுக்கட்டிக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் பட்டறை இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து நகரத்தார் வீட்டுக் கல்யாணங்களுக்கு வைரத் தோடும் கழுத்திருவும் செய்து கொடுக்கிறோம். இப்போது புது வேலை குறைந்துவிட்டது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று சுற்று வட்டாரத்து ஆச்சிமார்கள் பெட்டகத்திலிருந்து எடுத்துவரும் பழைய நகைகளுக்குக் கல் மாற்றிக் கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் அதிகம். ஆனாலும் தை, வைகாசி, ஆவணி மாதங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் 10 மணி நேரம், 11 மணி நேரம்.

2021ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு கல்யாண வேலையை முடித்துக் கொடுத்த மறுநாள் அந்த வலியை முதன்முதலாக உணர்ந்தேன். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஒரு நெல்லிக்காயை வைத்து அதன்மேல் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. எழுந்து நடந்தால் குறையும்; உட்கார்ந்தால் திரும்ப வரும். ஒரு வாரத்தில் நீர்க்கடுப்பும் சேர்ந்துகொண்டது. அவசரமாக ஓடுவேன், கொஞ்சம்தான் வரும், முடிந்த பிறகும் முடியாததுபோல இருக்கும். இரவில் நான்கைந்து முறை எழுந்தேன். மனைவியோடு சேர்ந்த பிறகு அடிவயிற்றிலும் குறி நுனியிலும் எரிச்சலோடு ஒரு குடைச்சல் வந்து மறுநாள் மதியம் வரை நீடித்தது. அப்போது எனக்கு 29 வயது. மகளுக்கு 10 மாதம்.

அம்மா கேட்டவுடன் சொன்னார்: "சூடு பிடித்திருக்கிறது." எங்கள் ஊர்ப் பக்கம் இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் சூடுதான். வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தார். தொப்புளில் நல்லெண்ணெய் தடவினார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், தினமும் ஒரு இளநீர், வெயில் ஏறினால் நன்னாரி. எதையும் நான் குறை சொல்லமாட்டேன். நீர் நிறையக் குடித்ததால் கடுப்பு ஒரு நாள், இரண்டு நாள் தணிந்தது உண்மை. ஆனால் நெல்லிக்காய் அங்கேயே இருந்தது.

பிறகு ஒரு மருத்துவரிடம் போனேன். சிறுநீர்ப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை. "சிறுநீர்த் தொற்றுதான், மாத்திரை சாப்பிடுங்கள்" என்று 7 நாள் ஆன்டிபயாட்டிக் எழுதித் தந்தார். சாப்பிட்டபோது நன்றாக இருந்தது. நிறுத்திய 10ஆம் நாள் பழையபடி ஆகிவிட்டது. திரும்பப் போனேன்; இந்த முறை 10 நாள் மாத்திரை. எட்டு மாதத்தில் நான்கு சுற்று இப்படி ஓடியது. ஒரு முறைகூடச் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பவில்லை. எந்தக் கிருமி, கிருமி இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் குதிகாலுக்கு மேலே, பின்பக்கத்துத் தசைநாணில் வலி வந்து படியேறவே சிரமப்பட்டேன். நான் சாப்பிட்டது லெவோஃப்ளாக்சசின். அந்த வகை மாத்திரைகள் தசைநாணைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008ஆம் ஆண்டிலேயே அட்டையில் கட்டம் போட்டு எச்சரிக்கச் சொல்லியிருந்தது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தேவைப்படுகிறவருக்கு அது நல்ல மருந்து. எனக்குத் தேவைதானா என்று பார்க்காமலே நான்கு முறை விழுங்கியிருக்கிறேன்.

அடுத்துச் செய்ததைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. பஸ் நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்குமே, "ஆண்களின் அந்தரங்க நோய்களுக்கு" என்று தேதியும் லாட்ஜ் அறை எண்ணும் போட்ட சுவரொட்டி. அதைப் பார்த்துப் போனேன். அங்கே இருந்தவர் வலிக்கிற இடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாடியைப் பிடித்தார், சின்ன வயதில் கைப்பழக்கம் உண்டா என்று கேட்டார், தாது கெட்டுவிட்டது, இப்படியே விட்டால் ஆண்மை போய்விடும் என்றார். 48 நாள் மருந்துக்கு 9,000 ரூபாய். கொடுத்துவிட்டு வந்தேன். பணம் போனதைவிட அவர் சொன்ன வார்த்தை எனக்குச் செய்த கெடுதல் பெரிது. என் தப்பினால் வந்த நோய் என்று அந்த நிமிடம் முதல் நம்பத் தொடங்கினேன். நம்பியதும் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் மனைவியிடமிருந்து விலகிப் படுத்தேன். வலிக்குப் பயந்து விலகினேன் என்று அவளுக்குத் தெரியாது. மகளை மடியில் வைத்துக்கொள்ளவும் தயங்கினேன். அவள் காலை உதைத்து விளையாடினால் உயிர் போகும். ஒரு நாள் ராத்திரி மனைவி முகப்பில் உட்கார்ந்து மகளின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்: "உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா?" எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அன்றுதான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். லாட்ஜுக்குப் போனதையும் சொன்னேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இதைச் சொல்ல உங்களுக்கு எட்டு மாதமா?" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் அந்தச் சூரண டப்பா குப்பைக் கூடையில் கிடந்தது.

இடையில் இன்னொரு பயமும் சேர்ந்தது. என் தாய்மாமன் 71 வயதில் புராஸ்டேட் புற்றுநோயில் இறந்தவர். அந்த நினைவில் நானே ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போய் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அது. முடிவு 6.2. பக்கத்தில் 4 வரை இயல்பு என்று அச்சிட்டிருந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். அன்றைக்கு ஒரு மூக்குத்திக்குக் கல் கட்டும்போது கை நடுங்கியது. 13 வருடத் தொழிலில் எனக்குக் கை நடுங்கியது அந்த ஒரு நாள்தான்.

மனைவிதான் மதுரைக்குப் போகலாம் என்றாள். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, திருப்பத்தூர், மேலூர் வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர். அந்த இரண்டரை மணி நேர பஸ் பயணத்தை நினைத்தாலே எனக்கு வியர்த்தது. சன்னல் ஓரம் உட்கார்ந்தால் எழுந்து நிற்க முடியாது என்பதால் நடைவழிப் பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். மேலூரில் நடத்துநரிடம் கெஞ்சி இறங்கி ஓடிவிட்டு வந்தேன். இதே நோய் உள்ளவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். எந்த ஊரில் எங்கே கழிப்பறை என்ற வரைபடம் ஒன்று தலைக்குள் தானாகவே உருவாகிவிடும்.

அந்தச் சிறுநீரகவியல் மருத்துவருக்கு அறுபது வயது இருக்கும். முதல் அரை மணி நேரம் அவர் எழுதவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன வேலை, எப்படி உட்காருவாய், எவ்வளவு நேரம் அடக்குவாய், மலச்சிக்கல் உண்டா, வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது, காய்ச்சல் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். வலி, சிறுநீர்த் தொந்தரவு, வாழ்க்கை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மூன்று பகுதிகள். மொத்தம் 43 மதிப்பெண். எனக்கு 27 வந்தது. உலகம் முழுக்க இந்த நோய்க்கு இதே தாளைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றார். என் வலிக்கு ஒரு கேள்வித்தாள் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அப்படியானால் எனக்கு முன்னால் எத்தனையோ பேர் இதை நிரப்பியிருக்கிறார்கள்.

புராஸ்டேட் என்பது கிழவர்களுக்கு வீங்குகிற ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது எல்லா ஆணுக்கும் இருக்கும் சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயை மோதிரம்போலச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. இளைஞனுக்குச் சுமார் 20 கிராம், அதாவது இரண்டரைச் சவரன் எடை. விந்துநீரில் ஒரு பங்கை அதுதான் சுரக்கிறது. வயதானவர்களுக்கு வருவது பெரும்பாலும் சுரப்பியின் வளர்ச்சி. 50 வயதுக்கு உட்பட்டவர்கள் சிறுநீரகவியல் மருத்துவரிடம் போவதற்கு முக்கியக் காரணமாக இருப்பது இந்த அழற்சி. என் வயதில் இது அபூர்வம் என்று நான் கூனிக்குறுகிக்கொண்டிருந்தேன். என் வயதுக்காரர்களுக்கும் இது சாதாரணமாக வருகிறது.

இதில் நான்கு வகை உண்டு. 1995ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டிப் பிரித்த பிரிவு அது. முதலாவது, திடீரென்று கிருமியால் வருவது. இரண்டாவது, ஒரே கிருமி சுரப்பிக்குள் பதுங்கி மறுபடி மறுபடி தொற்றாக வருவது. மூன்றாவது, கிருமி எதுவும் அகப்படாமல் மூன்று மாதத்துக்கும் மேலாக நீடிக்கும் இடுப்புக்குழி வலி. நான்காவது, எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேறு எதற்கோ பரிசோதிக்கும்போது தற்செயலாகத் தெரிவது. தொந்தரவோடு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் மூன்றாவது வகை என்றார் மருத்துவர். எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடிந்தது. நான்கு சுற்று ஆன்டிபயாட்டிக்கும் இல்லாத கிருமியைத் தேடி ஓடியிருக்கின்றன.

அதை அவர் சும்மா சொல்லவில்லை, பரிசோதித்துத்தான் சொன்னார். முதலில் ஒரு குப்பியில் சிறுநீர் எடுத்தார்கள். பிறகு அவர் கையுறை போட்டு ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியை மெதுவாக நீவினார். அதன்பின் இன்னொரு குப்பி. இரண்டையும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். 1968இல் மியர்ஸ், ஸ்டேமி என்ற இருவர் நான்கு குப்பிகள் வைத்துத் தொடங்கிய முறையாம் இது. இப்போது இரண்டு போதும் என்கிறார்கள். காய்ச்சலும் நடுக்கமும் இருப்பவருக்கு மட்டும் இப்படி நீவக் கூடாது, கிருமி ரத்தத்தில் ஏறிவிடும் என்றும் சொன்னார். இந்தப் பரிசோதனைக்குக் கூச்சப்பட்டு ஓடிவந்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டு நிமிடம் சங்கடமாக இருக்கும். அவ்வளவுதான்.

அந்த இரண்டு நிமிடத்தில் நடந்தது ஒன்றை என்னால் மறக்க முடியாது. சுரப்பியை நீவும்போது பெரிதாக வலிக்கவில்லை. பிறகு அவர் விரலைச் சற்றே இடப்பக்கம் நகர்த்தி ஓரிடத்தில் அழுத்தினார். அதே நெல்லிக்காய். அதே குடைச்சல் குறி நுனி வரை ஓடியது. "இதுதானே தம்பி?" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எட்டு மாதமாக எங்கே என்று காட்ட முடியாமல் தவித்த இடத்தை ஒருவர் தொட்டுக் காட்டிவிட்டார். அது சுரப்பி இல்லை, இடுப்பின் அடித்தளத்தில் தொட்டில்போல விரிந்திருக்கும் தசை என்றார். பல வருடமாக அடக்கி அடக்கி, இறுக்கி இறுக்கி, அந்தத் தசைக்கு அவிழவே மறந்துபோயிருக்கிறது.

இதை நான் உடனே புரிந்துகொண்டேன். தங்கத் தகட்டைச் சுத்தியலால் அடித்துக்கொண்டே போனால் அது இறுகிவிடும். அதற்கு மேல் அடித்தால் வெடிக்கும். நெருப்பில் காட்டி இளக்கினால்தான் மறுபடி வளையும்.

கல்ச்சர் முடிவு ஒரு வாரத்தில் வந்தது. இரண்டு குப்பியிலும் கிருமி இல்லை. பி.எஸ்.ஏ. தாளைக் காட்டியபோது, அழற்சி இருக்கும்போது அந்த அளவு ஏறத்தான் செய்யும், கொதிக்கும் பாலை அளந்துவிட்டு அதிகமாக இருக்கிறது என்று பயப்படாதே என்றார். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது 1.1. அந்த எட்டு வாரத்தை நானும் மனைவியும் எப்படிக் கழித்தோம் என்பது எங்கள் இருவருக்கும்தான் தெரியும். குன்றக்குடி முருகனுக்கு அவள் நேர்ந்துகொண்டதை முடிவு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

மருந்து என்று பார்த்தால் குறைவுதான். சிறுநீர் வழியைத் தளர்த்த டாம்சுலோசின் மூன்று மாதம், வலி அதிகமான நாட்களுக்கு மட்டும் வலி மாத்திரை. பெரிய வேலையைச் செய்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். அவரைப் பார்த்த முதல் நாளே, யூடியூபில் பார்த்து நானாகச் செய்துகொண்டிருந்த கீகல் பயிற்சியை நிறுத்தச் சொன்னார். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை இன்னும் இறுக்குகிற பயிற்சி அது. ஆறு வாரமாக நோயை நானே வளர்த்திருக்கிறேன். இடுப்புத் தசை தளர்ந்தவர்களுக்கு நல்லதைச் செய்யும் பயிற்சி என்னைப் போன்றவர்களுக்குக் கெடுதல்.

அவர் சொல்லித் தந்தது மூச்சுதான். மல்லாந்து படுத்து, கெண்டைக்காலை நாற்காலியில் தூக்கி வைத்து, வயிற்றில் கை வைத்து மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். வயிறு எழும்பும்போது இடுப்பின் அடித்தளம் கீழே இறங்க வேண்டும். எப்படி என்று எனக்குப் பிடிபடவே இல்லை. "ஒன்றுக்குப் போகத் தொடங்கும் அந்த நொடியில் உள்ளே ஒன்று அவிழுமே, அதைக் கவனியுங்கள். அதைத்தான் மூச்சோடு சேர்க்கிறோம்" என்றார். இரண்டு வாரம் ஆயிற்று அந்த அவிழ்ச்சியைக் கண்டுபிடிக்க. அது பிடிபட்ட பிறகு, ஒரு நாளில் எத்தனை முறை காரணமே இல்லாமல் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்து திகைத்துப்போனேன். சின்னக் கல்லைப் பதிக்கும்போது இறுக்குகிறேன். வாடிக்கையாளர் கடன் சொன்னால் இறுக்குகிறேன். அப்பா சத்தம் போட்டால் இறுக்குகிறேன்.

வீட்டில் இன்னொரு வைத்தியமும் உண்டு. அப்பா ஒரு காலத்தில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கிப்போட்ட அகலமான எனாமல் தொட்டி ஒன்று இரண்டாம் கட்டில் கிடந்தது. விளிம்பில் நீலக்கோடு போட்டது, அடியில் ஓரிடத்தில் எனாமல் உதிர்ந்து இரும்பு தெரியும். ஏதோ செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் பலகாரம் நிறைத்து வைத்த தொட்டியாக இருக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அதில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி இடுப்பு மூழ்க 20 நிமிடம் உட்காருவேன். முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது. பிறகு தொடையின் உள்பக்கம் துடித்து அடங்கும். அதன்பின் நெல்லிக்காய் கரைவதுபோல இருக்கும். சூடு பிடித்தது என்று அம்மா சொன்ன நோய்க்குச் சுடுநீரா என்று அவருக்கு முதலில் ஒப்பவே இல்லை. இப்போது அவர்தான் வெந்நீர் போட்டு வைக்கிறார்.

பட்டறையில் தரையில் உட்காருவதை விட்டேன். அப்பாவுக்கு வருத்தம்தான், ஆனால் தடுக்கவில்லை. உயரமான பலகை அடித்து, நடுவில் வெட்டுவிட்ட மெத்தை போட்ட முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். விழும் பொடியைப் பிடிக்கப் பலகைக்கு அடியில் தோல் மடி ஒன்றைக் கட்டிவிட்டேன். எனவே எழுந்திருக்க இப்போது கால் மணி நேரம் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். 45 நிமிடத்துக்கு ஒரு முறை கைபேசி மணி அடிக்கும், எழுந்து நடப்பேன். சாப்பாட்டில் எனக்கு ஒத்துக்கொள்ளாதவை வரமிளகாய்க் காரமும் ஒரு நாளைக்கு ஐந்தாறு டீயும். இது எல்லோருக்கும் பொருந்தாது. காரம் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு. எனக்கு உப்புக்கண்டம் வறுத்த மறுநாள் கட்டாயம் கடுக்கும். மலச்சிக்கல் வந்தாலும் அப்படித்தான்.

நான்கு மாதத்தில் 27 மதிப்பெண் 15 ஆயிற்று. ஒரு வருடத்தில் 6. முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். முகூர்த்த மாதத்தில் ஒரு வாரம் தலைகாட்டும். தொட்டியும் மூச்சும் மூன்று நான்கு நாளில் அடக்கிவிடும்.

எல்லாருக்கும் என் கதை இல்லை என்பதைப் புதுவயல் அரிசி ஆலையில் வேலை செய்யும் என் நண்பன் ஒருவன் மூலம் பார்த்தேன். 35 வயது, சர்க்கரை உள்ளவன். ஒரு நாள் மாலை உடம்பு தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல். விடிவதற்குள் ஒரு சொட்டுச் சிறுநீர்கூட வரவில்லை. அது முதல் வகை. ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தான், நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். பெரும்பாலும் குடலில் இருக்கும் ஈ.கோலை கிருமிதான் இதற்குக் காரணம். இதில் ஆன்டிபயாட்டிக்தான் உயிரைக் காப்பது. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அதை முழுதாகச் சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் சுரப்பிக்குள் சீழ்கட்டி வரலாம், ரத்தம் முழுக்கத் தொற்று பரவலாம், இரண்டாவது வகையாக வேர்விட்டு உட்காரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். குளிர்காய்ச்சலோடு நீர்க்கடுப்பு வந்தாலோ, நீர் அடைத்துக்கொண்டாலோ வெந்தயமும் வேண்டாம், என் எனாமல் தொட்டியும் வேண்டாம். அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இளம் வயதில் இது வந்தால் பின்னால் என்ன ஆகும்? என்னை ராத்திரி தூங்கவிடாமல் வைத்திருந்த கேள்வி இதுதான். மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். புற்றுநோயாக மாறுமா? அப்படி மாறும் என்று நிறுவப்படவில்லை. சில ஆய்வுகளில் தொடர்பு தெரிந்தாலும், இந்த வலி உள்ளவர்கள் அடிக்கடி மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்வதால் அவர்களிடம் புற்றுநோய் அதிகம் கண்டுபிடிக்கப்படுவதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் மாமன் கதையால் எனக்குப் பொறுப்பு தனியாக உண்டு, உரிய வயதில் பி.எஸ்.ஏ. பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைப்பேறு? சிலருக்கு விந்தணுக்களின் நகர்வும் தரமும் குறையலாம்; பிள்ளை தள்ளிப்போனால் விந்துப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும், இந்த நோய் வந்தாலே மலடு என்பது பொய். ஆண்மை? விறைப்பிலும், விரைவாக முடிந்துவிடுவதிலும் சிக்கல் வரலாம். அதில் வலிக்கும் பயத்துக்கும் பெரும் பங்கு உண்டு, வலி குறைந்தால் பெரும்பாலும் அதுவும் சரியாகும். என் விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று.

ஆனால் அவர் அதிகம் கவலைப்பட்டது வேறொன்றுக்கு. வலி பல மாதம் நீடித்தால் நரம்புகள் அதைப் பாடமாகப் படித்துக்கொள்கின்றன. காரணம் போன பிறகும் வலி நிற்பதில்லை. அதோடு தூக்கம் கெடுகிறது, மனச்சோர்வு வருகிறது, மனைவியோடு பேச்சு நின்றுபோகிறது, "இது இனி தீராது" என்ற எண்ணம் ஊறிவிடுகிறது. அந்த எண்ணமே வலியைக் கூட்டுகிறது. "தற்கொலை எண்ணம் வந்ததா?" என்று அவர் நேராகவே கேட்டார். இரண்டு முறை வந்தது என்று சொன்னேன். மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்தவள் பஸ் காரைக்குடி வரும் வரை விடவில்லை. அந்த எண்ணம் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சிறுநீர்த் தொந்தரவைச் சொல்லும்போதே இதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். 104 என்ற அரசு எண்ணிலும் பேசலாம்.

மருத்துவரிடம் போகிறவர்கள் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். கல்ச்சர் எடுத்தீர்களா, எந்த வகை, பாலுறவால் பரவும் கிருமிகளுக்குப் பார்க்க வேண்டுமா, தசையைப் பரிசோதித்தீர்களா, பிசியோதெரபிக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கும் மருத்துவர் இருக்கலாம். அப்படியானால் இன்னொருவரிடம் போகலாம், தப்பில்லை.

போன வாரம் என் சித்தி மகன் பட்டறைக்கு வந்தான். 24 வயது, வாடகைக் கார் ஓட்டுகிறான். அப்பா சாப்பிடப் போகும் வரை அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அண்ணே, உட்கார்ந்தால் கீழே ஏதோ உருளுகிறதுபோல இருக்கிறது. யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றான். அவன் சட்டைப்பையில் ஒரு சுவரொட்டியிலிருந்து எழுதிய தொலைபேசி எண் இருந்தது. அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். கையில் இருந்த தோட்டைத் தட்டில் வைத்து மூடிவிட்டு, கடைசி வரை அவன் சொன்னதைக் கேட்டேன்.

வரும் வியாழக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் இருவரும் மதுரைக்குப் போகிறோம். நடைவழிப் பக்கத்து இருக்கை அவனுக்கு. மேலூரில் நிறுத்தச் சொல்ல வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன்.